மூளையில் வளையமாகத் தெரியும் லீசன்: புற்றா, சீழா, அழற்சியா என்பதை எம்ஆர்ஐ எவ்வளவு தூரம் பிரித்துச் சொல்லும்?

கேள்வி கேட்டவர்

வணக்கம். என் அண்ணனுக்கு வயது 36. ஒரு மாதத்துக்கு முன்புவரை எந்த நோயும் அறியாதவர். முதலில் வலக்கை விரல்கள் மரத்தாற்போல் இருக்கின்றன என்றார். எழுதும்போது பேனா நழுவியது. பத்துப் பன்னிரண்டு நாள்களில் அந்த மரப்பு முழங்கைவரை ஏறிப் பலவீனமாக மாறியது. பிறகு ஓர் அதிகாலையில் வலிப்பு வந்தது. காய்ச்சல் இல்லை, தலைவலியும் பெரிதாக இல்லை. மருத்துவமனையில் சேர்த்த அன்றே சாதாரண சிடி ஸ்கேனும், மறுநாள் கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி எம்ஆர்ஐயும் எடுத்தார்கள்.

எம்ஆர்ஐ அறிக்கையை இதுவரை எத்தனை முறை படித்திருப்பேன் என்று கணக்கில்லை. இடது முன்மடலின் வெண்பொருளில் 3.1 செ.மீ. அளவுள்ள ஒரு லீசன் (இயல்புக்கு மாறான இடம்) இருப்பதாகவும், அது டி2, ஃபிளேர் என்ற இரு வகை எம்ஆர்ஐ படங்களில் வெளுப்பாகத் தெரிவதாகவும், கான்ட்ராஸ்டுக்குப் பிறகு அதன் விளிம்பு முழுமையடையாத வளையமாக ஒளிர்வதாகவும், சுற்றிலும் நீர்வீக்கம் மிதமாகவே இருப்பதாகவும் எழுதியிருக்கிறார்கள். நீரின் நகர்ச்சியைக் காட்டும் டிஃப்யூஷன் படத்தில் நடுப்பகுதி ஒளிரவில்லை, விளிம்பில் மட்டும் சிறிது ஒளிர்வு உண்டு என்கிறது இன்னொரு வரி. கடைசியில், உயர்நிலைக் கிளையோமா, கட்டிபோல் தோன்றும் மயலின் சிதைவு, சீழ்க்கட்டி ஆகிய மூன்றையும் கருத வேண்டும் என்றும், நோயாளியின் நிலையோடு பொருத்திப் பார்க்க வேண்டும் என்றும் முடித்திருக்கிறார்கள்.

இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று எவ்வளவு தொலைவில் இருக்கின்றன! கிளையோமா மூளைப் புற்று, மயலின் சிதைவு உடலின் தற்காப்பே நரம்பின் உறையைத் தாக்குவது, சீழ்க்கட்டி கிருமியால் வருவது. எம்ஆர்ஐ எடுத்துவிட்டால் மூளையைத் திறந்து பார்த்ததற்குச் சமம் என்று இதுவரை நினைத்திருந்தேன். இத்தனை தொலைவான மூன்று நோய்களை அதனால் ஏன் பிரிக்க முடியவில்லை? அறிக்கை எழுதியவர் தயங்குகிறாரா, அல்லது படமே அவ்வளவுதான் சொல்லுமா? திசு எடுத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியே இல்லையா, அல்லது சில வாரம் பொறுத்து மறுபடி படம் எடுத்துப் பார்க்கலாமா?

யாரோ ஒருவர் அம்மாவிடம் ‘மூளையில் கட்டி’ என்று சொல்லிவிட்டார். அம்மா அன்று முதல் சரியாக உண்பதில்லை. தங்கையாகிய நான்தான் மருத்துவர்களிடம் பேசி, வீட்டாருக்கு விளக்க வேண்டியிருக்கிறது. எதை எப்படிக் கேட்பது என்பதற்காவது வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: கதிரியக்கவியல் மருத்துவர்

சகோதரிக்கு வணக்கம். நரம்பு மண்டலப் படங்களைப் படிப்பதே என் அன்றாட வேலை. உங்கள் அண்ணனின் படங்களைப் பார்க்காமல் அவருக்கு இன்ன நோய் என்று நான் சொல்லக்கூடாது. ஆனால் அந்த அறிக்கை ஏன் அப்படி எழுதப்பட்டது என்பதை என்னால் விளக்க முடியும்.

முதலில் அம்மாவைக் கலங்கவைத்த அந்தச் சொல். கட்டி என்ற ஒரே சொல்லை நாம் சீழ்க்கட்டிக்கும் சொல்கிறோம், கொழுப்புக்கட்டிக்கும் சொல்கிறோம், புற்றுக்கும் சொல்கிறோம். அறிக்கையிலுள்ள லீசன் இதைவிடவும் விரிந்த சொல். இயல்பான மூளையைப் போல் இல்லாத எந்த இடமும் லீசன்தான்; பழைய காயத்தின் தழும்புகூட லீசன்தான். ஆகவே, ‘ஓர் இடம் இயல்பாக இல்லை, அது என்னவென்று இன்னும் தெரியவில்லை’ என்று அம்மாவிடம் சொல்வதே இன்றைய நிலையில் உண்மையான வாக்கியம்.

இனி உங்கள் முதன்மைக் கேள்விக்கு வருகிறேன். எம்ஆர்ஐ கருவி உயிரணுக்களைப் பார்ப்பதில்லை. திசுவில் உள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் காந்தப்புலத்துக்குள் எப்படி நடந்துகொள்கின்றன என்பதை அளந்து அதைப் படமாக்குகிறது. 1971இல் ரேமண்ட் டமேடியன், எலிகளிடமிருந்து எடுத்த புற்றுத் திசுவில் இந்த அணுக்கருக்கள் தூண்டப்பட்டபின் பழைய நிலைக்குத் திரும்பும் காலம் இயல்பான திசுவில் இருப்பதைவிட நீண்டிருப்பதைக் கண்டறிந்து வெளியிட்டார். அந்த எண்ணை வைத்தே புற்றை இனங்காணலாம் என்ற நம்பிக்கை அப்போது பிறந்தது. 1973இல் பால் லாட்டர்பர் அந்த அணுக்கருக்களின் அதிர்வைப் படமாக்கும் வழியைக் காட்டினார். பின்னாளில், 2003இல், அவருக்கும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் நோயாளிகளின் படங்கள் குவியத் தொடங்கியபின், புற்றில் மட்டுமல்லாமல் வீக்கம், அழற்சி, பக்கவாதம் என்று நீர் மிகும் இடங்களில் எல்லாம் அந்தக் காலம் நீள்வது தெரிந்தது. டி2, ஃபிளேர் படங்களில் ஓரிடம் வெளுத்துத் தெரிந்தால், அங்கே நீர் மிகுந்திருக்கிறது என்பது மட்டுமே செய்தி. ஏன் மிகுந்தது என்று அந்தப் படம் சொல்லாது.

கான்ட்ராஸ்ட் மருந்தும் அப்படித்தான். கடோலினியம் கலந்த அந்த மருந்து புற்றைத் தேடிச் சென்று ஒட்டுவதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில், குருதிக்குழாய்களுக்கும் மூளைத் திசுவுக்கும் நடுவே உள்ள தடுப்பு எங்கே பழுதாகியிருக்கிறதோ அங்கே அது கசிந்து ஒளிர்கிறது; அவ்வளவே. உயர்நிலைக் கிளையோமாவில் முறையற்று வளர்ந்த புதுக்குழாய்கள் கசிகின்றன, நடுவிலோ குருதி எட்டாமல் மடிந்த திசு கிடக்கிறது. சீழ்க்கட்டியில் உடல் கட்டிய சுவர் கசிகிறது, நடுவில் சீழ். மயலின் சிதைவில் வெளிநோக்கிப் பரவும் அழற்சியின் முகப்பு கசிகிறது, நடுவில் ஏற்கெனவே சிதைந்து ஓய்ந்த பகுதி. மூன்று கதைகளும் வேறு. வரையும் வளையம் ஒன்று. வேறோர் உறுப்பிலிருந்து பரவிய புற்று, சில வாரமான பக்கவாதம், காசநோய்க் கழலை, நாடாப்புழுவின் நீர்க்கட்டி, முன்பு கொடுத்த கதிர்வீச்சால் மடிந்த திசு ஆகியவையும் இதே வளையத்தை வரையக்கூடும்.

இவற்றைப் பிரிப்பதற்குத்தான் மற்றப் படங்கள் உதவுகின்றன. 1980களின் நடுவில் டெனி லெ பிஹான் உருவாக்கிய டிஃப்யூஷன் முறை, நீர் மூலக்கூறுகள் எவ்வளவு தாராளமாக நகர்கின்றன என்பதைக் காட்டுவது. சீழ் கெட்டியானது, வெள்ளணுக்களும் புரதமும் செறிந்த அதில் நீரால் எளிதில் நகர முடியாது. ஆகவே பாக்டீரியாவால் வந்த சீழ்க்கட்டியின் நடுப்பகுதி டிஃப்யூஷன் படத்தில் பளிச்சென்று ஒளிர்ந்து, அந்த நகர்ச்சியின் அளவையே காட்டும் ஏடிசி வரைபடத்தில் கறுத்துவிடும். கிளையோமாக்களில் மிகக் கடுமையான கிளையோபிளாஸ்டோமாவின் மடிந்த நடுப்பகுதி பெரும்பாலும் நீர்த்திருப்பதால் இதற்கு நேரெதிராகத் தெரியும். இங்கே இரண்டு படங்களையும் சேர்த்துப் பார்த்தே தீர வேண்டும். டி2இல் மிக வெளுப்பான ஒன்று டிஃப்யூஷனிலும் போலியாக ஒளிரக்கூடும்; ஏடிசி கறுத்திருந்தால்தான் நகர்ச்சி உண்மையிலேயே தடைப்பட்டிருக்கிறது என்று பொருள்.

உங்கள் அண்ணனுக்கு நடுப்பகுதி ஒளிரவில்லை என்பது சாதாரணச் சீழ்க்கட்டிக்கு எதிரான வலுவான குறிப்பு. அப்படியானால் சீழை ஏன் பட்டியலில் வைத்தார்கள் என்று கேட்பீர்கள். ஏற்கெனவே ஆண்டிபயாட்டிக் பெற்ற சீழ்க்கட்டி ஒளிராமல் போகலாம். டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி, சில பூஞ்சைகள், காசநோய் ஆகியவற்றின் லீசன்கள் இந்த விதிக்கு அடங்குவதில்லை. மறுபக்கம், பரவிய புற்றுகளில் சில சீழைப் போலவே நடுவில் ஒளிர்வதும் உண்டு. காய்ச்சல் இல்லை என்பதையும் பெரிய ஆறுதலாகக் கொள்ள முடியாது. மூளைச் சீழ்க்கட்டி உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கே காய்ச்சல் இருக்கும்.

அறிக்கையில் நான் அடிக்கோடிட விரும்பும் இடம் ‘முழுமையடையாத வளையம்’ என்பது. கட்டிபோல் தோன்றும் மயலின் சிதைவில் வளையம் பிறைபோல் ஒரு பக்கம் திறந்திருப்பதும், அந்தத் திறப்பு மூளையின் சாம்பல்நிறப் புறணியை நோக்கியிருப்பதும் நன்கு அறியப்பட்ட அடையாளம். 2 செ.மீ.க்கு மேற்பட்ட சிதைவுக்குத்தான் இந்தப் பெயரைக் கொடுக்கிறோம்; அத்தனை பெரிதாக இருந்தும் அது சுற்றியுள்ள மூளையை அளவுக்கேற்பத் தள்ளாமலும், நீர்வீக்கம் அடக்கமாகவும் இருப்பது அதன் மற்றோர் இயல்பு. சுறுசுறுப்பான அழற்சி முகப்பில் டிஃப்யூஷன் ஒளிர்வும் காணப்படுவதுண்டு. உங்கள் வரிகளைப் படிக்கும்போது இந்த அடையாளங்கள் ஒருபக்கமாகச் சேர்வதை என்னால் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. ஆனால் கிளையோமாவும் அரிதாகத் திறந்த வளையம் காட்டும் என்பதால், அறிக்கை எழுதியவர் அதை விலக்காமல் விட்டது சரியே. அதைத் தயக்கம் என்று நான் சொல்லமாட்டேன்.

அடுத்துக் கேட்க வேண்டியது பெர்ஃப்யூஷன் படம். ஓரிடத்தில் எவ்வளவு குருதி நிரம்பியிருக்கிறது என்பதை எதிர்ப்பக்க இயல்பான வெண்பொருளோடு ஒப்பிட்டுச் சொல்வது அது. உயர்நிலைக் கிளையோமா தனக்கென்று குழாய்களைப் பெருக்கிக்கொள்வதால் அந்த அளவு ஏறியிருக்கும். மயலின் சிதைவிலும் சீழ்க்கட்டிச் சுவரிலும் பொதுவாக ஏறாது. நிணநீர் உயிரணுக்களில் தோன்றும் புற்றான லிம்ஃபோமா மட்டும் இங்கே குழப்பும்: கான்ட்ராஸ்டை வலுவாக ஏற்று ஒளிரும், ஆனால் குருதி அளவு கிளையோபிளாஸ்டோமா அளவுக்கு உயராது. அதை ஏடிசியின் கறுப்பைக் கொண்டு ஊகிக்கிறோம். உயிரணுக்கள் நெருங்கி அடைந்திருப்பதால் நீருக்கு அங்கே இடமில்லை.

மறுமொழி 2: வாசகர்

நான் மருத்துவன் அல்லன். என் தந்தைக்கு நேர்ந்ததைச் சொன்னால் காலம் என்ற ஒன்றும் இதில் சாட்சியாகும் என்பது தெரியும் என்பதற்காக எழுதுகிறேன்.

அப்பாவுக்கு வயது 67. பேச்சு குழறியதை நாங்கள் பத்து நாள்கள் கழித்தே கவனித்து அழைத்துச் சென்றோம். முதல் இடத்தில் எடுத்த எம்ஆர்ஐயில் பொட்டுமடலில் ஒளிரும் லீசன் இருக்கிறது, கட்டியாக இருக்கக்கூடும், உடனே அறுவை செய்யலாம் என்றார்கள். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை; அந்தப் படத்தை மட்டும் பார்த்தால் யாருக்கும் அப்படித் தோன்றும் என்று பிறகு விளக்கினார்கள். இரண்டாவதாகப் பார்த்த நரம்பியல் மருத்துவர் படத்தைவிட எங்களிடம் அதிக நேரம் செலவிட்டார். பேச்சு எந்த நாளில், எந்த நேரத்தில் குழறியது, மெல்ல மெல்லக் கூடியதா, ஒரே நொடியில் வந்ததா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அம்மா யோசித்து, காலையில் நன்றாகப் பேசியவர் மதிய உணவின்போது திடீரென்று குழறினார் என்றார். அந்த ‘திடீரென்று’தான் எல்லாவற்றையும் மாற்றியது.

ஒளிர்ந்த இடம் ஒரு தமனியின் எல்லைக்குள் ஆப்பு வடிவில் அடங்கியிருப்பதையும், ஒளிர்வு மூளையின் மடிப்புகளை ஒட்டியே ஓடுவதையும் அவர் காட்டினார். பக்கவாதத்தால் மடிந்த பகுதி இரண்டாம் நாள்வாக்கில் ஒளிரத் தொடங்கி, இரண்டாம் வாரத்தில் உச்சத்தை அடைந்து, இரண்டு மாதத்தில் அடங்கிவிடும் என்பது அவர்களிடையே வழங்கும் கணக்காம். ஆறு வாரம் கழித்து மறுபடி எடுத்தபோது லீசன் சுருங்கி, ஒளிர்வு மங்கி, அந்த இடம் குழிந்திருந்தது. வளர்கிற எதுவும் அப்படிச் சுருங்காது என்றார்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. அண்ணனுக்கு வந்தது திடீரென்று அல்ல; பத்துப் பன்னிரண்டு நாள்களில் படிப்படியாகக் கூடியது என்பதை உறுதியாகச் சொல்ல முடியும்.

இன்று இரண்டு புதிய செய்திகள். திசுவிலுள்ள வேதிப்பொருள்களை அளக்கும் ஸ்பெக்ட்ரோஸ்கோபி என்ற பரிசோதனையில் கோலின் உயர்ந்தும், என்ஏஏ என்ற பொருள் குறைந்தும், லாக்டேட் சிறிது தென்பட்டும் இருப்பதாகச் சொன்னார்கள். கோலின் உயர்ந்தால் புற்று என்று இணையத்தில் படித்ததிலிருந்து எனக்குக் கை நடுங்குகிறது. மேலும், ஸ்டீராய்டு கொடுத்து லீசன் சுருங்குகிறதா என்று பார்க்கலாம் என்று ஒரு மருத்துவரும், திசு எடுக்கும்வரை அதைத் தொடவே வேண்டாம் என்று இன்னொருவரும் சொல்கிறார்கள். இருவரும் அனுபவமுள்ளவர்கள். யார் சொல்வதைப் பின்பற்றுவது?

மறுமொழி 3: நரம்பு அறுவை மருத்துவர்

அம்மா, அந்த இருவரும் முரண்படுவதாக நினைக்க வேண்டாம். இருவர் கண்முன்னும் வெவ்வேறு நோய்கள் நிற்கின்றன. ஒருவர் மயலின் சிதைவை முதன்மையாகக் கருதுகிறார். அதற்கு அதிக அளவு ஸ்டீராய்டுதான் முதல் மருந்து. மற்றவர் லிம்ஃபோமாவை மறக்காமல் இருக்கிறார். ஸ்டீராய்டு லிம்ஃபோமாவின் உயிரணுக்களை வேகமாக அழித்துவிடும். சில நாள்களில் லீசன் படத்திலிருந்தே மறைந்துபோகலாம். அப்போது திசு எடுத்தால் நோயைக் காட்டும் உயிரணுக்கள் கிடைக்காது. சில மாதங்களில் அது திரும்பி வரும். எனவே லிம்ஃபோமா என்ற ஐயம் மெய்யாகவே இருந்து, மூளை அழுத்தம் ஆபத்தான நிலைக்குப் போகாமலும் இருந்தால், திசு எடுக்கும்வரை ஸ்டீராய்டைத் தள்ளிவைக்கவே நாங்கள் விரும்புவோம். நோயாளியின் நினைவு மங்கத் தொடங்கினால் அந்த விருப்பத்தையெல்லாம் ஒதுக்கிவிட்டு உயிரைக் காக்க வேண்டியதைச் செய்வோம்.

ஒன்றை உங்களிடம் அழுத்திச் சொல்ல வேண்டும். ஸ்டீராய்டுக்குப் பிறகு லீசன் சுருங்கினால் அது புற்றன்று என்று முடிவுகட்டிவிடக்கூடாது. மயலின் சிதைவும் சுருங்கும், லிம்ஃபோமாவும் சுருங்கும். கிளையோமாவில்கூடச் சுற்றியுள்ள நீர்வீக்கம் வடிந்து, ஒளிர்வு மங்கி, நோயாளி தெளிவடைவார். நலம் பெற்றார் என்ற மகிழ்ச்சியில் மறுபடம் எடுக்காமல் விட்டுவிட்டு, பிறகு காலம் கடந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வருத்தம் என்னைவிட்டு நீங்கவில்லை. ஸ்டீராய்டு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், குறித்த தேதியில் அடுத்த எம்ஆர்ஐ எடுத்தே ஆக வேண்டும்.

திசு ஆய்வைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எம்ஆர்ஐயின் ஆயத்தொலைகளைக் கணக்கிட்டு, மண்டையோட்டில் சிறு துளையிட்டு, மெல்லிய ஊசியால் சில துணுக்குகளை எடுக்கிறோம். பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு அதிலிருந்து தெளிவான பதில் கிடைக்கிறது. குருதிக் கசிவு, புதிதாகப் பலவீனம் ஆகிய ஆபத்துகள் குறைவுதான், ஆனாலும் இல்லாமல் இல்லை. கையை இயக்கும் பகுதிக்கு அருகில் உள்ள லீசன் என்றால் இன்னும் யோசிக்க வேண்டும். எங்கிருந்து எடுப்பது என்பதை எம்ஆர்ஐதான் தீர்மானிக்கிறது. நடுவிலுள்ள மடிந்த பகுதியிலிருந்து எடுத்தால் மடிந்த திசு என்ற பதில் மட்டுமே வரும். ஒளிரும் விளிம்பிலிருந்தும், பெர்ஃப்யூஷனில் குருதி மிகுந்து தெரியும் இடத்திலிருந்தும் எடுக்க வேண்டும்.

நுண்ணோக்கியும் சில வேளைகளில் ஏமாறும் என்பதை வெளியில் யாரும் பேசுவதில்லை. மயலின் சிதைவில் உயிரணுக்கள் நெருங்கியும், ஆஸ்ட்ரோசைட்டுகள் என்ற துணை உயிரணுக்கள் பருத்து, பிளவுபடுவது போன்ற உருவங்களுடனும் இருப்பதால், அவசரமாகப் பார்த்தால் கிளையோமா போலவே தோன்றும். மயலினைத் தின்று நுரைத்த மேக்ரோஃபேஜ்கள் என்ற விழுங்கும் உயிரணுக்கள் நிறைந்திருப்பதும், மயலின் போயும் நரம்பிழைகள் பெருமளவு எஞ்சியிருப்பதும் சிறப்புச் சாயங்களில்தான் தெளிவாகும். மயலின் சிதைவு என்ற ஐயம் உண்டு என்று நோய்க்குறியியல் மருத்துவருக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்கும்படி கேளுங்கள். கிளையோமாவாக இருந்தாலும், உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வகைப்பாட்டின்படி ஐடிஹெச் மரபணு மாற்றம் போன்றவற்றைச் சோதித்தபின்தான் முழுப்பெயரே வைக்கிறோம். அதனாலும் அந்தத் துணுக்கு தேவைப்படுகிறது.

சீழ்க்கட்டியாக இருந்தால் இத்தனை விவாதமே இல்லை. 2.5 செ.மீ.க்கு மேற்பட்டதைப் பெரும்பாலும் உறிஞ்சி எடுப்போம். நோயைக் கண்டறிவதும் மருத்துவமும் ஒரே ஊசியில் முடிந்துவிடும்.

மறுமொழி 4: கதிரியக்கவியல் மருத்துவர் (முதல் மறுமொழியை எழுதியவர்)

சகோதரி, அந்த ஸ்பெக்ட்ரோஸ்கோபி முடிவைக் கண்டு நடுங்க வேண்டாம். கோலின் என்பது உயிரணு உறைகளின் மூலப்பொருள். உறைகள் வேகமாகக் கட்டப்படும்போது அது உயரும். உறைகள் வேகமாகச் சிதையும்போதும் உயரும். மயலின் என்பதே அடுக்கடுக்கான உறை. அது சிதையும்போது கோலின் உயராமல் இருந்தால்தான் வியப்பு. என்ஏஏ நரம்பணுக்களின் நலத்தைக் காட்டுவது. எந்த நோயாலும் அவை துன்புற்றால் குறையும். ஆகவே நீங்கள் சொன்ன மூன்று மாற்றங்களும் கிளையோமாவிலும் வரும், புதிதாக மூண்ட மயலின் சிதைவிலும் வரும். என் அனுபவத்தில், இந்த இரண்டையும் பிரிக்க ஸ்பெக்ட்ரோஸ்கோபியை மட்டும் நம்பியவர்கள் பெரும்பாலும் வழி தவறியிருக்கிறார்கள். சீழ்க்கட்டியில்தான் அதற்கு மதிப்பு அதிகம்: வேலின், லூசின் போன்ற அமினோ அமிலங்களின் முகடுகளும், அசிட்டேட், சக்சினேட் ஆகியவையும் தெரிந்தால் கிருமியின் கைவரிசை என்று துணிந்து சொல்லலாம். உங்களுக்குச் சொன்ன முடிவில் அவை இல்லை என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

சேர்த்த அன்றே சாதாரண சிடி எடுத்ததாக முதலில் எழுதியிருந்தீர்கள். அந்தப் படத்தை எடுத்து வைத்துக்கொள்ளும்படி சொல்ல மறந்துவிட்டேன். எம்ஆர்ஐயில் ஒளிர்ந்த அதே விளிம்பு, கான்ட்ராஸ்ட் இல்லாத சிடியில் மூளையைவிடக் கறுத்துத் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். உயிரணுக்கள் நெருங்கிய புற்றாக இருந்தால் அந்த இடம் மூளைக்கு நிகராகவோ சற்று வெளுத்தோ இருக்கக்கூடும். லிம்ஃபோமாவில் இது இன்னும் தெளிவு. கறுத்திருந்தால் மயலின் சிதைவின் பக்கம் தராசு நன்றாகச் சாயும். பழைய கருவி என்று சிடியை ஒதுக்கிவிடுகிறோம். இந்த ஒரு கேள்வியில் அது எம்ஆர்ஐக்குத் துணை நிற்கிறது.

அடுத்தது, மூளையோடு நிறுத்தாமல் முழு முதுகுத்தண்டுக்கும் எம்ஆர்ஐ எடுக்க முடியுமா என்று கேளுங்கள். அங்கே அண்ணனே உணராத சிறு லீசன்கள் இருந்தால், தற்காப்பு மண்டலம் தன்னையே தாக்கும் நோய் என்ற எண்ணம் வலுப்பெறும். பார்வை நரம்பையும் பார்க்கலாம். தண்டுவட நீரில் ஒலிகோக்ளோனல் பட்டைகள் (எதிர்ப்பொருள்கள் அங்கே உண்டாவதன் தடயம்), குருதியில் அக்குவாபோரின்-4, எம்ஓஜி என்ற நரம்பு மண்டலப் புரதங்களைத் தாக்கும் எதிர்ப்பொருள்கள் ஆகிய சோதனைகளும் இந்தப் பாதையில் வருபவை. மூளைக்குள் அழுத்தம் கூடியிருக்கவில்லை என்று உறுதிசெய்த பிறகே தண்டுவட நீரை எடுப்பார்கள்.

மறுமொழி 2இல் எழுதியவரின் அனுபவம் மதிப்புள்ளது. ஆயினும் அவர் தந்தைக்குப் பொறுத்துப் பார்த்தது சரியாக அமைந்ததற்குக் காரணம், தொடங்கிய விதமும் வடிவமும் பக்கவாதத்தோடு பொருந்தியிருந்தன என்பதே. சீழ் நாள்கணக்கில் பெருகும். உயர்நிலைக் கிளையோமா வாரங்களில் வளரும். அவை இரண்டும் பட்டியலில் இருக்கும்வரை, ஆறு வாரம் காத்திருக்கலாம் என்று படம் பார்க்காமல் யாரும் உங்களுக்குச் சொல்லக்கூடாது. பொறுப்பது என்று மருத்துவக் குழு முடிவுசெய்தால், எத்தனை நாளில் அடுத்த படம், எந்த மாற்றம் தெரிந்தால் உடனே திசு எடுப்பார்கள் என்ற இரண்டையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொரு சிறு செய்தி. வலிப்பு வந்த ஓரிரு நாள்களில் எடுக்கும் எம்ஆர்ஐயில், வலிப்பின் விளைவாகவே புறணியில் தற்காலிக ஒளிர்வும் வீக்கமும் தெரிவதுண்டு. அடுத்த படத்தில் அந்தப் பகுதி மறைந்திருந்தால் நோயே சுருங்கிவிட்டதாக நினைக்காமல், வளையத்தின் அளவை மட்டும் ஒப்பிடச் சொல்லுங்கள். படங்களைத் தாளில் அச்சிட்டு வாங்காமல், எல்லா வரிசைகளும் அடங்கிய குறுந்தகட்டை வாங்கி வைத்திருங்கள். இரண்டாம் கருத்துக் கேட்கும்போது அதுதான் பயன்படும்.

கேள்வி கேட்டவர்

சிடி படத்தை இன்று காலை நரம்பியல் மருத்துவரிடம் எடுத்துச் சென்றேன். ஒளிர்ந்த விளிம்பு இருக்கும் இடம் அதில் கறுப்பாகவே தெரிகிறது என்றார். பெர்ஃப்யூஷனிலும் குருதி அளவு ஏறவில்லையாம். நாளை முதுகுத்தண்டு எம்ஆர்ஐ எடுக்கிறார்கள். அதன்பின் எல்லாத் துறையினரும் கூடிப் பேசி, ஸ்டீராய்டா, திசு ஆய்வா என்று முடிவெடுப்பதாகவும், எதுவானாலும் நான்காம் வாரம் மறுபடம் உண்டு என்றும் தேதியைக் குறித்துக் கொடுத்தார்கள்.

அம்மாவிடம் நீங்கள் சொன்ன வாக்கியத்தை அப்படியே சொன்னேன். ‘இன்னும் தெரியவில்லை என்றால் தெரிந்ததும் சொல்’ என்றார். இரவு கொஞ்சம் சாப்பிட்டார். முதுகுத்தண்டின் முடிவு வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.